அக்கா செடி வெட்டினால்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி வாசல் பாதையின் இரு ஓரமும் மஞ்சள் உண்ணிச்செடி. எந்த வெயிலுக்கும் அசராது. அதைப் பராமரித்த தோட்டக்கார அக்கா, சேலைமேல் யூனிஃபார்ம் சட்டை போட்டிருப்பார். பேசும்போதும் கத்தரியால் காற்றை வெட்டிக்கொண்டிருப்பார்.

வெட்டிய இருபதாம் நாள் செடி முழுக்கப் பூக்கும். அதனால் பெரிய அதிகாரிகள் வரும் தேதியை மேனேஜர் அவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்வார். எங்களுக்கு அது ரகசியம். ஆனால் அக்கா வெட்டத் தொடங்கினாலே நாங்கள் மெஷினைத் துடைக்கத் தொடங்கிவிடுவோம்.

ஒருமுறை இருபது நாளும் துடைத்தோம். பூத்தது, யாரும் வரவில்லை.

“இன்னாக்கா, ஒருத்தரையும் காணோம்?” என்றேன்.

கத்தரி நின்றது. “நீங்கள்லாம் தெனம் வர்றீங்களே தம்பி.”

மறுநாள் பூவைப் பார்த்துக்கொண்டே நடந்ததில், நான் பஞ்ச் வைக்க இரண்டு நிமிடம் லேட்.