டென்மார்க்காரனுக்கு ஒரு பெட்டிசம்

உரும்பிராயில் இருந்துகொண்டு, டென்மார்க்கில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற ஒருவனுக்காகச் சண்டை பிடிக்கிற மனிதன் இந்த உலகத்தில் ஒருவன்தான் இருக்கிறான் என்றால் அது நான்தான். சில காலம் முன்புவரை இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது யாராவது கேட்டால் மட்டும் சொல்கிறேன்.

இந்த வியாதியை எனக்குத் தொற்றவைத்தவன் என் மனைவியின் தம்பி. முப்பது வருடமாக டென்மார்க்கில் இருக்கிறான். அவனுடைய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீட்வே மைதானம். ஒருமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது கைபேசியில் காட்டினான். முட்டை வடிவத்தில் மண்பாதை. நான்கு பேர், நான்கு சுற்று. மோட்டார் சைக்கிளுக்கு ஒரே ஒரு கியர், பிரேக் அறவே கிடையாது. வளைவு வந்தால் பின்சில்லைச் சறுக்கவிட்டு, இடது காலை மண்ணில் இழுத்துக்கொண்டு போவார்கள்.

"பிரேக் இல்லாமல் ஓடினால் உலக சம்பியனோ? அப்ப எங்கடை பருத்தித்துறை றோட்டு மினிபஸ்காரர் எல்லாருக்கும் ஒரு கோப்பை குடுக்கோணும்" என்றேன்.

"அத்தான், ஒருக்கால் முழுசாப் பாருங்கோ. பிறகு கதையுங்கோ" என்றான்.

பார்த்தேன். ஒரு ஓட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அடுத்ததையும் பார்த்தேன். அன்று மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. அப்படித்தான் ஆரம்பித்தது. போட்டிகள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கும், நான் ஞாயிறு காலையில் பதிவைப் பார்ப்பேன். கிழமையில் என் மனைவி வீட்டில் இருக்கிற இரண்டே முழு நாளில் ஞாயிறு ஒன்று என்பதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து அறையில் ஒருவர் இருக்கிறார், தேநீர் வருகிறது என்ற அளவில் அது எனக்குப் போதுமாக இருந்தது.

அவள் ஆசிரியை. முல்லைத்தீவுப் பக்கம், பிரதான வீதியை விட்டு வெகுதூரம் உள்ளே போகிற ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். திங்கள் விடிய முன்னமே பஸ் ஏறினால் வெள்ளி பின்னேரம்தான் வீடு. அங்கே ஒரு அறையில் இன்னும் இரண்டு ஆசிரியைகளோடு தங்கல். ஒன்பது வருடம் இப்படி. கஷ்டப் பிரதேசத்தில் வேலை பார்க்கவேண்டிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது. முழங்கால் நோவு வேறு. தெல்லிப்பழைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்தால் தினமும் வீட்டிலிருந்து போய்வரலாம். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

நான் இளைப்பாறிய கிளாக்கர். வருமானம் பென்சன், தொழில் பெட்டிசம். தொழில் என்றால் காசுக்கு இல்லை, கீர்த்திக்கு. எங்கள் ஊரில் பெட்டிசம் என்பது வெறும் மனு அல்ல, ஒரு கலை. பக்கத்து வீட்டுக்காரன் வேலியை ஒரு அடி இந்தப் பக்கம் அரக்கினால் பெட்டிசம். தெருவிளக்கு எரியாவிட்டால் பெட்டிசம், எரிந்து அடுத்த வீட்டுக்கு வெளிச்சம் கூடிப்போனாலும் பெட்டிசம். எழுதியவர் பெயர் இருக்காது. "பாதிக்கப்பட்ட பொதுமக்கள்" என்று முடியும். கீழே பிரதிகள் போகிறவர்களின் பட்டியல், பெட்டிசத்தைவிட நீளமாக இருந்தால்தான் மரியாதை. இதையெல்லாம் எழுதுவிக்க என்னைத்தான் தேடி வருவார்கள். நானும் மூன்று தரம் திருத்தாமல் ஒன்றையும் கையைவிட்டு விடமாட்டேன்.

அந்த வருட இடமாற்றப் பட்டியல் வந்தது. என் மனைவியின் பெயர் இல்லை. அவளோடு அதே அறையில் தங்கியிருந்த, அவளைவிடச் சேவைக்காலம் பாதிகூட இல்லாத ஒருத்தியின் பெயர் இருந்தது. அவளுக்காக யாரோ யாருக்கோ சொல்லியிருந்தார்கள். என் மனைவி அழவில்லை. மேன்முறையீட்டுப் படிவத்தை எடுத்து, காரணம் எழுதுகிற இடத்தில் ஐந்து வரி எழுதிக்கொண்டு சனிக்கிழமை என்னிடம் கொண்டுவந்தாள்.

"இதை ஒருக்கால் பாத்துத் தாங்கோ. திங்கள் பள்ளிக்கூட அதிபரிட்டைக் குடுத்துக் கையெழுத்து வாங்கோணும். வாற வெள்ளி கடைசி நாள்."

வாசித்தேன். சேவைக்காலம், முழங்கால், வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள தூரம். எல்லாம் இருந்தது. பிழை ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"இதென்ன, கடைக்குச் சாமான் எழுதின துண்டு மாதிரிக் கிடக்கு. நீர் யோசியாதையும், நான் வடிவா ஒரு இணைப்பு எழுதித் தாறன்" என்றேன்.

"அஞ்சு வரிதானே கேட்டிருக்கினம்?"

"அஞ்சு வரியிலை ஆருக்கு நியாயம் கிடைச்சிருக்கு?"

கேள்வி நன்றாக இருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். அவள் படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஞாயிறு நான் பழைய போட்டி ஒன்றின் பதிவு பார்த்தேன். திங்கள் அவள் படிவம் இல்லாமல் பஸ் ஏறினாள். இன்னும் நாள் இருக்கிறது, எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பினால் அங்கே அச்செடுத்துக் கொடுக்கலாம் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை வைல்ட் கார்ட் அறிவித்தார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உலகத் தொடரில் அடுத்த வருடம் ஓடப்போகிறவர்களில் சிலர் முந்திய வருடம் முன்னுக்கு வந்தவர்கள், சிலர் தகுதிப் போட்டியில் வென்றவர்கள். மிச்ச இடங்களை ஒழுங்கமைப்பாளர்கள் தாங்களே நினைத்து யாருக்காவது கொடுப்பார்கள். அதுதான் வைல்ட் கார்ட். இன்னும் சுருக்கமாகச் சொன்னால், யாரோ யாருக்கோ சொல்வது. நான் தொடக்கத்தில் சொன்ன எங்கள் டென்மார்க்கார ஓட்டக்காரன் தகுதிப் போட்டியில் ஒரே ஒரு புள்ளியால் தவறியவன். இடம் கட்டாயம் அவனுக்குத்தான் என்று நாங்கள் இருந்தோம். கொடுத்ததோ, தோள்மூட்டு உடைந்து அரை வருடம் ஓடாமலே இருந்த ஒரு முன்னாள் சம்பியனுக்கு.

எங்கள் ஸ்பீட்வே வட்ஸ்அப் குழு கொதித்தது. குழுவில் பதினொரு பேர். கதைக்கிறவர்கள் நான்கு பேர், மற்ற ஏழு பேர் கும்பிடுகிற கை போடுவார்கள். கதைக்கிற நால்வர்: நான், மச்சான், லண்டனில் இருக்கிற ஒரு பழைய சிநேகிதர், நல்லூரில் ரியூட்டரி வைத்திருக்கிற பௌதிகவியல் மாஸ்டர்.

"அத்தான், இது பச்சை அநியாயம். ஒரு புள்ளி! ஒரே ஒரு புள்ளி!" என்று மச்சான் குரல்பதிவு அனுப்பினான்.

ஒரு புள்ளியின் அருமை யாழ்ப்பாணத்தானுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு விரற்கடைக் காணிக்கு மூன்று தலைமுறை வழக்காடுகிற ஆட்கள் நாங்கள்.

மாஸ்டர் மறுபக்கம் நின்றார். "தோள் உடைஞ்சது படுத்துக் கிடந்தே? ஓடி விழுந்துதானே? விழுந்தவனை விட்டிட்டுப் போறதுதான் உங்கடை நியாயமோ?"

லண்டன்காரர் இரண்டு பக்கத்துக்கும் நின்று அடித்தார். "சும்மா கத்தாதையுங்கோ. எந்த நாட்டிலை கனபேர் டிவி பாக்கினம் எண்டு பாத்துத்தான் இடம் குடுப்பாங்கள். உதிலை நியாயமும் இல்லை, அநியாயமும் இல்லை."

நான் விடவில்லை. தகுதி, வரிசை, காத்திருந்தவனின் உரிமை, சிபாரிசின் கேடு என்று செவ்வாய் முழுக்க எழுதினேன். சொற்கள் தாமாக வந்து விழுந்தன. இவ்வளவு சரளமாக எங்கிருந்து வருகின்றன என்று ஒரு கணம் யோசித்திருந்தால், மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்திருப்பேன். அந்த ஐந்து வரியில் இருந்ததைத்தான் நான் டென்மார்க்காரனுக்கு விரித்து எழுதிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மச்சான் சொன்னான்: "அத்தான், நீங்கள் ஒரு பெட்டிசம் போடுங்கோவன்."

இதைச் சொல்லவும் வேண்டுமா? நான் எழுதுமேசையில் உட்கார்ந்தேன். புதன், வியாழன் இரண்டு நாளும் போயின. ஆங்கிலத்தில் நான்கு பக்கம். மூன்று தரம் திருத்தினேன். முன்னாள் சம்பியனின் தோள்மூட்டுப் பற்றி மட்டும் ஒரு முழுப் பந்தி, எனக்கு அந்தத் தோள்மூட்டைச் சிறுவயதிலிருந்தே தெரியும் என்பதுபோல. பிரதிகள் டென்மார்க் பிரதமருக்கும் இன்னும் ஐந்து பேருக்கும். கையெழுத்து இடத்தில் என் பெயரைப் போடவில்லை. "நீதியை நேசிக்கும் பாதிக்கப்பட்ட ரசிகர்கள்" என்று போட்டேன். முகவரியும் இல்லை. எங்கள் ஊர் முறை அதுதானே. ஐரோப்பாவில் ஒரு விளையாட்டுக் கந்தோரில் யாரோ ஒருவன் மொட்டைக் கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, பதில் யாருக்கு எழுதுவது என்று தலையைச் சொறிந்திருப்பான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெள்ளி காலை தபாற்கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்த பிள்ளை ஏழு உறைகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, பிள்ளையளுக்கு விசா அலுவலோ?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, ஒரு பொது அலுவல்" என்றேன் கம்பீரமாக.

வீட்டுக்கு வந்து, அனுப்பிவிட்ட செய்தியைக் குழுவில் போட்டேன். மாஸ்டர் உடனே பிடித்துக்கொண்டார். நொந்தவனுக்கு எதிராகப் பெட்டிசம் போட்ட முதல் மனிதன் நான்தானாம். விடலாமா? பதில் எழுதத் தொடங்கினேன். அந்த நேரம் மனைவியின் அழைப்பு வந்தது. துண்டித்தேன். இரண்டாம் தரமும் வந்தது. அதையும் துண்டித்துவிட்டு மாஸ்டருக்கு எழுதி முடித்தேன். நல்ல பதில். ஏழு பேரும் கை போட்டார்கள்.

பிறகு அவளுடைய செய்தியைப் பார்த்தேன். "அதிபர் பன்னிரண்டரைக்கு வெளிக்கிடப் போறார். நான் எழுதினதையே படம் எடுத்து அனுப்புங்கோ. அதுவே காணும்." மணி ஒன்றே கால். படம் எடுத்து அனுப்பினேன். இணைப்பு என்று நான் சொன்னது ஒரு சொல்லும் எழுதப்படவில்லை.

பின்னேரம் அவள் வந்தாள். பையை வைத்துவிட்டு முகம் கழுவினாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். சொல்லப்போனால் திட்டை எதிர்பார்த்து, அதற்குச் சில நல்ல பதில்களும் வைத்திருந்தேன்.

"அனுப்பினீங்கள்தான், ஆனால் அதிபர் போயிட்டார். அவரின்ரை கையெழுத்து இல்லாமல் ஏற்கமாட்டினம். இனி வாற வருசந்தான்" என்றாள். பிறகு, "சாப்பிட்டியளே?" என்று கேட்டாள்.

இன்னும் ஒரு வருடம். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாற்பது பேருக்கு நியாயம் எழுதிக் கொடுத்தவனுக்கு, தன் வீட்டில் ஒரு வரி வரவில்லை. தம்பிக்கு இதைப்பற்றிச் சொல்லவேண்டாம் என்று மட்டும் அவள் சொன்னாள். அவன் அங்கே இருந்துகொண்டு கவலைப்படுவானாம்.

அடுத்த வருடத் தொடர் தொடங்கியது. இரண்டாவது போட்டிக்கு முன்பே ஒருவர் விழுந்து காறையெலும்பை முறித்துக்கொண்டார். பதிலாள் பட்டியலில் முதல் ஆளாக இருந்தவன் எங்கள் டென்மார்க்காரன். ஆகவே அவனைக் கூப்பிட்டார்கள். பட்டியல் எப்போதோ போட்டது. என் நான்கு பக்கத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த உறைகள் பிரிக்கப்பட்டனவா என்பதே சந்தேகம்.

குழுவுக்கு அதெல்லாம் தேவையா? ஒரே கொண்டாட்டம். பெட்டிசம் வேலை செய்துவிட்டதாம். லண்டன்காரர்கூட ஒப்புக்கொண்டார். ஒழுங்கமைப்பாளர்கள் பயந்துவிட்டார்கள் என்று மாஸ்டர் எழுதினார், அவர் நக்கலாக எழுதினாரா நிஜமாக எழுதினாரா என்று தெரியவில்லை. நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கு ஒரு சொல் போதும், அதை எழுதவில்லை.

ஞாயிறு காலை. கைபேசியை மேசையில் சாத்திவைத்து, டென்மார்க்காரன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பக்கத்தில் நின்று திங்கட்கிழமைக்குச் சேலை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குப் பட்டி கட்டியிருந்தாள்.

"உவனே நீங்கள் எழுதின பெடியன்?"

"ஓம்."

"கிடைச்சிட்டுதே அவனுக்கு?"

"கிடைச்சிட்டுது."

"நல்லா ஓடுறான்" என்றாள். உண்மையில் நன்றாகத்தான் ஓடினான்.

அந்த நேரம் பார்த்து மச்சானின் குரல் வந்தது. குழுவுக்கு இல்லை, அக்காவுக்கென்று அவளுடைய கைபேசிக்கு. கையில் அயன்பெட்டி இருந்ததால் சத்தமாகவே போட்டாள்.

"அக்கா, பாத்தியே அத்தான்ரை வேலையை? எங்கையோ இருக்கிற ஒருத்தனுக்கு இடம் எடுத்துக் குடுத்திட்டார். அத்தான் எழுதினால் நடக்கும், அக்கா. நீ உண்மையிலை குடுத்து வைச்சனி."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் முதலாவதாக வந்தார்கள் என்று தெரியவில்லை. அவள் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள், கைபேசியை எடுத்தாள், தம்பிக்குப் பதில் சொன்னாள்.

"ஓமடா தம்பி. அத்தான் நல்லா எழுதுவார்."

அவள் குரலில் துளி நக்கல்கூட இல்லை. இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.