ஐவிண்ட் வாய் திறக்காத பத்தொன்பது நாள்

செப்டம்பர் பதினாலாம் தேதி காலையில், படகுத்துறைக் கழிப்பறையில்தான் ஐவிண்டுக்கு அது முதலில் தெரிந்தது. சிறுநீரோடு கண்ணாடித் தூள் கலந்து வருவதுபோல எரிந்தது. சுவரில் கையை ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். வெளியே கார்கள் படகில் ஏறிக்கொண்டிருந்தன. கயிற்றை அவிழ்க்க அவன் போயாக வேண்டும்.

நாற்பத்தொரு வயது. தீவுக்கும் கரைக்கும் இடையே கார்களை ஏற்றிக்கொண்டு ஓடும் அந்தப் படகில் பன்னிரண்டு வருடமாக வேலை. அதிகம் பேசாதவன் என்று பெயர். அன்றைக்கு அந்தப் பெயர் அவனுக்கு வசதியாகவே இருந்தது.

"என்னடா, காலையிலேர்ந்து நாலாவது தடவை போற? உள்ள காப்பிக்கடை போட்டிருக்கியா?" என்றான் கூட வேலை செய்யும் ஒட்மார்.

"குளிர் ஏறிடுச்சு."

"ஏறினா காலுல ஏறும். அங்கேயுமா ஏறும்?"

ஐவிண்டும் சிரித்துவைத்தான். காரணம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் ட்ரோண்ட்ஹெய்ம் நகரத்தில் படகு ஊழியர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி நடந்தது. கடைசி இரவு, வேறொரு கம்பெனிப் படகில் வேலை செய்யும் லிவ் என்பவளின் அறைக்குப் போனான். இருவரும் குடித்திருந்தார்கள். ஆணுறை பற்றி அவளும் கேட்கவில்லை, அவனும் நினைக்கவில்லை. காலையில் கைகுலுக்கிப் பிரிந்தார்கள்.

காரணம் தெரிந்தும் அவன் வேறு காரணங்களைத் தேடினான். அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் இருந்தது, அதுவாக இருக்கலாம். தண்ணீர் குறைவாகக் குடித்திருக்கலாம். லிட்டர் லிட்டராகக் குடித்தான். உள்ளாடையில் காலையில் கறை படிந்தபோது அதைத் தானே அலசிக் காயப்போட்டான். ஒரு வாரத்தில் எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. சரியாகிவிட்டது என்று நம்ப அவனுக்கு அவ்வளவு போதுமாக இருந்தது.

தீவில் இருந்தது ஒரே டாக்டர். ஸ்வெர்ர. ஐவிண்டின் மனைவி தூருனுக்குச் சித்தி மகன். அவரிடம் போய் எப்படிச் சொல்வது?

தூருனும் அவனும் நான்கு வருடமாகக் குழந்தைக்காகக் காத்திருந்தார்கள். சமையலறை நாட்காட்டியில் மாதத்துக்கு மூன்று நாளைச் சுற்றி அவள் பென்சிலால் வட்டம் போடுவாள். கொஞ்ச காலமாக அந்த மூன்று நாள்களில் மட்டுமே அவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். அந்த மாத வட்டம் பதினாறாம் தேதி தொடங்கியது. முடியாது என்றால் ஏன் என்று கேட்பாள். அவன் முடியாது என்று சொல்லவில்லை.

எரிச்சல் மறுபடி கூடியதும், அக்டோபர் மூன்றாம் தேதி, பல் வலி என்று சொல்லிவிட்டுக் கரையிலுள்ள நகரத்துக்குப் போனான். அங்கே பால்வினை நோய்களுக்கென்று இருக்கும் மருத்துவமனையில் யெர்த்ருட் என்ற வயதான நர்ஸ் சிறுநீரைக் குப்பியில் வாங்கிக்கொண்டார்.

"எத்தனை நாளா எரியுது?"

"பத்தொன்பது நாள்."

"ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

"இது வேற ஏதாவதா இருக்கலாமா?" என்றான்.

"இருக்கலாம். சாதாரண சிறுநீர்த் தொற்றா இருக்கலாம், கல்லா இருக்கலாம். ஆனா நீங்க சொல்றதைப் பார்த்தா கிளமிடியாவோ கொனோரியாவோதான் முதல்ல நினைக்கத் தோணுது. அதே மாதிரி எரிய வைக்கிற வேற கிருமியும் இருக்கு. பார்த்து யாராலயும் சொல்ல முடியாது, சோதனைதான் சொல்லும். வீட்ல மனைவி இருக்காங்களா?"

"ம்."

"அப்போ அவங்களும் வரணும். பொம்பளைங்களுக்குப் பல நேரம் எதுவுமே தெரியாது. உள்ளே போய்ட்டா கர்ப்பக் குழாயைக் கெடுத்துடும். இன்னைக்கே சொல்லுங்க."

அன்றைக்கு அவன் சொல்லவில்லை. சோதனை முடிவு வரட்டும் என்றிருந்தான். ஆறாம் தேதி மதியம் வேலையில் இருந்தபோது கைப்பேசிக்குச் செய்தி வந்தது: கிளமிடியா. வீட்டுக்கு வந்தபோது தூருன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கையில் சுருண்டு கிடந்தாள். நல்ல காய்ச்சல். பக்கத்தில் ஸ்வெர்ர உட்கார்ந்திருந்தார்.

"குடல்வாலா இருக்கும்னு சந்தேகமா இருக்கு. நகரத்துக்கு அனுப்பணும்" என்றார்.

ஐவிண்ட் கதவருகே நின்றான். இப்போதும் பேசாமல் இருந்தால் இவள் வயிற்றை வீணாகக் கிழித்துவிடுவார்கள் என்ற எண்ணம் மட்டும் அவனுக்குள் ஓடியது.

"குடல்வால் இல்ல. எங்கிட்டேர்ந்து ஒட்டினது. எனக்குக் கிளமிடியா."

ஸ்வெர்ர திரும்பி அவனைப் பார்த்தார். எழுந்து, நகர மருத்துவமனைக்குத் தொலைபேச வெளியே போனார். தூருன் மட்டும் கேட்டாள்.

"உனக்கு எப்போலேர்ந்து இருக்கு?"

"போன மாசம் பதினாலு."

அவள் உதடு அசைந்தது. நாள்களை எண்ணிப் பார்க்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

"பதினாறாம் தேதி நீ தெரிஞ்சேதான் வந்தியா?"

"கல்லா இருக்கும்னு நினைச்சேன்."

"பொய் சொல்லாத ஐவிண்ட். நீ வேறொருத்திகிட்ட போனதைக்கூட ஒரு நாள் நான் மறந்திருப்பேன். தெரிஞ்சுக்கிட்டே வந்தியே."

அவள் எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். ஐவிண்டுக்கு ஏழு நாள் மாத்திரையில் குணமானது. லிவ்வுக்குத் தொலைபேசினான். தனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே என்று அவள் திகைத்தாள். பிறகு, சொன்னதற்கு நன்றி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவ்வளவு எளிதாக இருந்தது அந்தப் பேச்சு.

ஜனவரியில் தூருனுக்கு மறுபடி சோதனை செய்தார்கள். இரண்டு கர்ப்பக் குழாய்களும் அடைத்துப்போயிருந்தன. இயற்கையாகக் கருத்தரிக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியில் அவன் மன்னிப்புக் கேட்டான், இரண்டு முறை. காதில் விழாததுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் மாதம், அவனுக்கு விடுப்பாக இருந்த ஒரு நாளில், காலையில் அவன் இன்னும் படுக்கையில் இருக்கும்போதே, கடைக்குப் போவதாகச் சொல்லித் தூருன் காரை எடுத்துக்கொண்டு போனாள். மாலையில் ஒட்மார் தொலைபேசினான். அவன் குரலில் வழக்கமான கேலி இல்லை.

"தூருன் காலைப் படகுல கரைக்குப் போனா. கார் நிறைய பெட்டி. ஏத்தி விட்டது நான்தான். உனக்குத் தெரியும்னு நினைச்சேன்டா."

"தெரியும்" என்றான் ஐவிண்ட்.