தம்பியோடு விளையாட ஒரு சின்னப் பெட்டி

அப்பா இறந்தபோது தம்பியால் வர முடியவில்லை. அவனுக்கு இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. வெளியேறினால் மறுபடி உள்ளே போக முடியாது. அடக்கத்தை அவன் போனில்தான் பார்த்தான். கல்லறைத் தோட்டத்தில் போனை உயர்த்திக் காட்டிக்கொண்டு நின்றவள் நான். அதற்குப் பிறகு எங்கள் பேச்சு சுருங்கிப்போனது. சாப்பிட்டியா, அம்மா மருந்து குடிச்சாங்களா, அங்க குளிரா. அதோடு இருவருக்கும் வார்த்தை தீர்ந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை நான் கேட்டேன். "லீவு நாள்ல என்னதான் செய்ற?"

"கம்ப்யூட்டர்ல கார் ரேஸ் ஓடுவேன்."

"யாரோட?"

"தனியாத்தான். இங்க எனக்கு யார் இருக்காங்கக்கா?"

அந்தப் பதில் என்னை விடவில்லை. அடுத்த வாரமே அவனிடம் சொன்னேன், நானும் ஓட வருகிறேன் என்று. அவன் சிரித்தான். பிறகு, காசு அனுப்புகிறேன், கொழும்பில் எல்லாம் பூட்டித் தயாராக விற்கும் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கு என்றான். வேண்டாம் என்றேன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு அவன்தான் செலவழித்தான். இதை என் போனஸில், நானே பார்த்துப் பொறுக்கி வாங்க வேண்டும் என்று நினைத்தேன்.

நான் பல்லேகலவில் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியின் ஸ்டோரில் கிளார்க். ஜிப், பட்டன், நூல் எல்லாம் மாதிரித் துணியோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒரு ஜிப் அரை அங்குலம் நீண்டிருந்தால் ஒரு லைன் முழுக்க நின்றுவிடும். கம்ப்யூட்டர் சாமானும் அப்படித்தான் என்று சாப்பாட்டு நேரங்களில் வாசிக்க வாசிக்கத் தெரிந்தது. தனித்தனியாக எல்லாம் நல்லதாக இருக்கலாம். ஒன்றோடு ஒன்று சேராவிட்டால் குப்பை.

வத்தேகமவில் நாங்கள் இருப்பது இரண்டு அறை வாடகை வீடு. பெட்டி வைக்க இடம் என்றால், மாதா சுரூபத்துக்குக் கீழே டீவி இருக்கும் தட்டு மட்டும்தான். "மாதாவ மட்டும் அசைக்காத" என்று அம்மா சொல்லிவிட்டார். ஆகவே கேசிங், அதாவது வெளிக்கூடு, சின்னதாக இருக்க வேண்டும். டீவியே திரையாகிவிடும். படம் காட்டும் வேலைக்குத் தனியாக கிராபிக்ஸ் கார்ட் வாங்காமல், அந்த வேலையையும் சேர்த்துச் செய்யும் ப்ரொசசர் ஒன்றை எடுப்பது என்று முடிவு செய்தேன். என் கைக்கு எட்டும் தொகையில் அதுதான் நேர்மையான வழி.

கடை கண்டி மார்க்கெட் பக்கம், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கடைக்காரர் தாடி நரைத்த ஒரு முஸ்லிம் மனிதர்; 'சொல்' என்பது அவர் வாயில் 'செல்' என்று வரும்.

"செல்லுங்க மிஸ், மகனுக்கா?"

"எனக்கு."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, கலர் கலராக லயிட் எரிந்த ஒரு பெரிய மெஷினைக் காட்டினார். நான் வேண்டியதைச் சொன்னேன். பிறகு கண்ணாடி அலுமாரியிலிருந்து ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டை எடுத்து வைத்தார். "இதப் போட்டா எந்த கேமும் ஓடும். மலிவாத் தாரேன்."

கைப்பையிலிருந்த அளவு நாடாவை எடுத்து அதன் நீளத்தைப் பார்த்தேன். நான் தெரிவுசெய்த கேசிங்குக்குள் அது போகாது.

"இத எதுக்குப் பாவிச்சாங்க?"

அவர் தாடியைத் தடவினார். "பொய் செல்லக் கூடாது மிஸ். கிரிப்டோ கொயின் எடுக்க ராப்பகலா ஓட்டின சாமான்."

"அப்ப வேணாம்."

மெமரிக்கான ரெம் வாங்கும்போதும் இழுபறிதான். பதினாறு ஜீபியில் ஒன்று போதும், பிறகு இன்னொன்று போடலாம் என்றார். எட்டு எட்டாக இரண்டு தாருங்கள் என்றேன். தனி கார்ட் இல்லாத மெஷினில் இரண்டு ரெம் சேர்ந்து ஓடினால்தான் விளையாட்டு இழுக்காமல் போகும். கேசிங்கோடு இலவசமாக வந்த பவர் சப்ளையையும் திருப்பிக் கொடுத்து, நல்லதாக ஒன்று எடுத்தேன். இடி மழை நாளில் எங்கள் ஊர்க் கரண்ட் எப்படி ஆடும் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டு மேசையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நானே பூட்டினேன். அம்மா கதிரையில் உட்கார்ந்து ஸ்க்ரூக்களைக் கிண்ணத்தில் வைத்திருந்தார். சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது. டீவி கறுப்பாகவே இருந்தது. கழற்றினேன், மறுபடி பூட்டினேன். அதே கறுப்பு.

தம்பி போனில் சொன்னான், "விடுக்கா. கடையில குடுத்துட்டு காச வாங்கு."

"விட மாட்டேன்டா. எங்க பிழைன்னு எனக்குத் தெரியணும்."

தேடித் தேடிக் கண்டுபிடித்தேன். எல்லாச் சாமானும் ஏறும் மதர்போர்ட் பழைய ஸ்டொக். அது செய்யப்பட்ட பிறகு வந்த ப்ரொசசர் என்பதால் அதற்கு இதை அடையாளம் தெரியவில்லை. உள்ளே இருக்கும் புரோகிராமைப் புதுப்பித்தால் போதும்; அதற்கு அந்த போர்ட் அறிந்த பழைய ப்ரொசசர் ஒன்று வேண்டும்.

மறு சனிக்கிழமை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கடையில் ரிப்பேர் செய்பவர் பெட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை. "மிஸ் பூட்டக்குள்ள ப்ரொசசர் பின்ன வளச்சிருப்பீங்க. அதுக்கு வொரன்டி இல்ல."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ப்ரொசசரை நானே கழற்றித் திருப்பி அவருக்கு முன்னால் வைத்தேன். "எந்தப் பின் வளஞ்சிருக்கு, காட்டுங்க."

போன் கமராவைப் பெரிதாக்கி வரிசை வரிசையாகப் பார்த்தார். எல்லாம் நேராக நின்றன. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "பழைய ப்ரொசசர் ஒண்டு போட்டு அப்டேட் பண்ணிக் குடு" என்றார். தேநீர் வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும்போது திரையில் எழுத்துகள் வந்தன.

"இது நாங்க முதல்லயே பார்த்துத் தந்திருக்கணும் மிஸ்," என்றார் அவர். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அவர் சொன்னதே எனக்குப் போதும்.

முதல் ஓட்டத்தில் என் கார் நேரே போய்ச் சுவரில் மோதியது. தம்பி சிரித்த சிரிப்பு காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் இரைந்தது; பேசும் மைக் தட்டில் தனியாக இருந்தது. வாராவாரம் ஓடினோம். எல்லாச் சனியும் நான்தான் கடைசி. "பிரேக்க விடுக்கா, இப்ப திருப்பு" என்று அவன் கத்துவான். போனில் ஒரு நிமிடம் பேசத் தெரியாதவன், ஓடும்போது ஓயாமல் பேசினான்.

ஒரு நாள் மலைப்பாதை ஒன்றில் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டான். "அக்கா, அப்பா கடைசியா என்னக் கேட்டாரா?"

கண் பாதையில் இருந்ததால் என்னால் சொல்ல முடிந்தது. "கேட்டார்டா. உனக்கு போன் எடுக்கச் சொன்னார். நீ டியூட்டில இருந்த, எடுக்கல. ராத்திரி திரும்ப எடுக்கப் போனேன், தூங்கட்டும், எழுப்பாத, வேலைக்குப் போறவன்னு அவரே சொன்னார்."

அவனுடைய கார் மெல்ல ஓரம் கட்டி நின்றது. நானும் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். கம்ப்யூட்டரே ஓட்டிய மற்றக் கார்கள் எங்களைத் தாண்டிப் போயின. அவன் அழுவது கேட்டது.

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "காதுல இருக்கிற அந்த வயரக் கழட்டு. நான் பேசுறேன்," என்றார்.

கழற்றினேன். தம்பியின் மூச்சு டீவியிலிருந்து அறை முழுக்கக் கேட்டது. அம்மா கதிரையைத் திரைக்கு அருகே நகர்த்தி, நிற்கும் அந்த இரண்டு கார்களைப் பார்த்தபடி, அப்பாவின் கடைசி வாரத்தை முதல் நாளிலிருந்து அவனுக்குச் சொல்லத் தொடங்கினார். அதில் பாதி எனக்கே தெரியாதது.