வண்டியை அணைத்தால்தான் சோளம்

ஏற்காடு ஏரி ரோட்டில் பதினெட்டு வருசமாகச் சோளம் சுட்டு விற்கிற மாதம்மாளுக்கு இருமல் வந்தபோது, பழியை அவள் தன் கரி அடுப்பின் மேலேயே போட்டாள். "புகையில உக்காந்தா நெஞ்சு கெடாம என்ன பண்ணும்?" என்று தன் ஊரான கிளியூரில் அவள் சொல்லாத ஆளில்லை. அடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, கேஸ் வாங்கிச் சோளத்தை அவிக்க ஆரம்பித்தாள். இருமலோ போவேனா என்று அடம்பிடித்தது.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. வீட்டில் தினமும் விறகடுப்பில்தான் களி கிண்டுகிறாள். திங்கள் முதல் வெள்ளி வரை இருமலே இல்லை. சனி, ஞாயிறு வண்டிகள் ஏரியைச் சுற்றி நகராமல் நின்றால் மத்தியானமே மூச்சு இழுக்கிறது. ஏசிக்காக என்ஜினை ஓடவிட்டபடியே சோளம் கேட்கிறார்கள். புகைக்குழாய் அவள் முகத்துக்கு நேராக இருக்கிறது. பாவம், அந்த அடுப்பைப் போய் வைதோமே என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

டாக்டரம்மா ரோட்டோரம் உட்காரக் கூடாது என்றார். "ரோட்ட வுட்டா நான் எங்கீங்க போறது?" என்று கேட்டுவிட்டு வந்தவள், மறு சனிக்கிழமையே சட்டம் போட்டாள்.

"ஏனுங்க, வண்டிய ஆஃப் பண்ணுங்க. அப்பத்தான் சோளம்."

சிலர் சிரித்துக்கொண்டே அணைத்தார்கள். பலர் பத்தடி தள்ளியிருந்த சசிரேகாவின் சோளக் கடைக்குப் போனார்கள். புகைக்குப் பத்தடி ஒரு தூரமா?

"யாவாரத்த எனக்குத் தள்ளிவுடறீங்களே அக்கா, பைத்தியமா உங்களுக்கு?" என்றாள் சசிரேகா.

"உனக்கும் மூக்குன்னு ஒண்ணு இருக்குது கண்ணு."

மூன்று வாரம் பாதிச் சோளம் மிஞ்சியது. மாதம்மாள் விடவில்லை.

நாலாவது ஞாயிறு ஒரு வேன் வந்து இருபது சோளம் கேட்டது. மாதம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்ஜினைக் காட்டினாள். டிரைவர் முறைத்துவிட்டுப் பத்தடி நகர்த்தினார். சசிரேகா மசாலா தடவத் தொடங்கினாள். வேன் உறுமிக்கொண்டே நின்றது. திடீரென்று சசிரேகாவுக்கு இருமல் பிடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தும் நிற்கவில்லை. மாதம்மாள் தண்ணீர் பாட்டிலோடு ஓடினாள்.

"எத்தன நாளா இப்படி?"

"தீவாளியில இருந்தேக்கா. நொம்ப இழுக்குது. சொன்னா நீங்க சிரிப்பீங்கன்னு..."

மாதம்மாள் சிரிக்கவில்லை, முதுகைத் தடவிக்கொடுத்தாள். சசிரேகா தண்ணீரைக் குடித்துவிட்டு, தடவின சோளத்தைத் திரும்பச் சட்டியில் போட்டு மூடினாள்.

"ஏனுங்க டிரைவர், மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்க."

டிரைவர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். அதற்குள் இரண்டு பக்கமும் வண்டி, அசைய இடமில்லை. வேனுக்குள் பிள்ளைகள் பசியில் கத்தினார்கள். அவர் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார்.

அதற்குப் பிறகுதான் இரண்டு கடையிலும் சட்டி திறந்தது.