கூடைப்பந்து அரங்கில் ஒரு லயம்

ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டீர்கள், கனடாவில் ஒரு தரைக்கென்றே தனிச் சப்பாத்து வைத்திருக்கிறார்கள். நான் துப்புரவு வேலை செய்யும் கூடைப்பந்து அரங்கின் மரத்தரையை வெளிச்சப்பாத்தால் மிதிக்கக் கூடாது. முதல்நாள் அதை வாசலில் கழற்றிவிட்டு, மடுல்சீமை மாதா கோயிலுக்குள் போவதுபோல் வெறுங்காலோடு நுழைந்தேன். மேலாளர் டேவிட் பதறிப்போய் ஒரு சோடி சப்பாத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

போன கோடையில் காட்டுத்தீக்குத் தப்பி வந்தவர்களுக்காக அந்தத் தரை முழுக்க மடிப்புக்கட்டில்களைப் போட்டார்கள். உடை மாற்றும் அறைகள் நோயாளிகளுக்குப் போய்விட்டன. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. "பசிக்கிறதா?" என்றேன். "இத்தனை பேருக்கு நடுவில் எப்படி?" என்றாள்.

என் மூத்தவள் பிறந்த மாதம், மண் சரியலாம் என்று ஓர் அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிநிற்கும் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து எங்களைப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு அனுப்பினார்கள். கூச்சத்தில் பால் கொடுக்காமல் நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்த பாக்கியம் அக்கா இரண்டு சேலைகளைச் சன்னலுக்கும் தூணுக்குமாக இழுத்துக் கட்டினார். "ஆம்பளைங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. நீ குடு புள்ள, ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

வீட்டுக்கு ஓடினேன். பயணத்துக்கு முன் அம்மா பதுளையில் வாங்கித் தந்த இரண்டு சேலைகளை எடுத்துவந்து, கூடை வளையம் நிற்கும் கம்பத்தில் ஒரு முனையைக் கட்டினேன். டேவிட் வந்து நின்றார்.

"இங்கே கட்டக் கூடாது."

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்றோடு போயிற்று என்றே நினைத்தேன். ஆனாலும் முடிச்சை அவிழ்க்க மனம் வரவில்லை. "பிள்ளை சாப்பிட வேண்டும்" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். திரும்பிப் போனவர் கரப்பந்தாட்டக் கம்பங்கள் இரண்டைத் தோளில் சுமந்து வந்தார். தரையிலிருந்த பித்தளை மூடிகளைத் திறந்து, குழிகளில் கம்பங்களை நிறுத்தி வலையைக் கட்டினார்.

"அந்தக் கம்பம் சாய்ந்துவிடும். இதில் போடு."

சேலைகளை வலைமேல் போட்டோம். சற்று நேரத்தில் உள்ளே அழுகை நின்றது. அதைப் பார்த்து மற்றக் குடும்பங்களும் வலைகள் கேட்டன, போர்வைகளைத் தொங்கவிட்டன. மாலைக்குள் அரங்கில் வரிசையாகக் காம்பராக்கள். இனி லயத்து வாழ்க்கையே வேண்டாம் என்று விமானம் ஏறியவள் கனடாவில் ஒரு லயம் கட்டிவிட்டேன். தனியாக நின்று சிரித்தேன், பெருமையாகவும் இருந்தது.

தீ அடங்கியதும் எல்லோரும் ஊர் திரும்பினார்கள். அந்தப் பெண் ஒரு சேலையை மடித்துத் தந்தாள். மற்றதைச் சுற்றிக்கொண்டு பிள்ளை தூங்கியது. அதை நான் கேட்கவில்லை.

இப்போது மறுபடியும் பந்துச் சத்தம். கூட்டும்போது மட்டும் அந்தப் பித்தளை மூடிகளை மிதிக்காமல் தாண்டிப் போகிறேன். ஏன் என்று டேவிட் ஒருநாள் கேட்டார்.

"அது எங்கள் வீட்டு வாசற்படி" என்றேன்.