பலேர்மோவில் பிக்கப்புக்குக் கூடு போட்ட காலம்

பிக்கப்புக்குக் கூடு போடுகிற தொழிலில் முதலாளி ஒருவர், வாடிக்கையாளர் பலர், ஆனால் கடைசித் தீர்ப்புச் சொல்வது மழைதான்.

வெளிநாட்டுப் பட்டறைகளில் நின்று முதுகு நொந்த சக பாவிகளே, எல்லாரும் ஒரே பட்டறையில் நொந்தவர்கள் இல்லை என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பிக்கப்பின் பின்பக்கம் திறந்த தட்டாக இருக்கும். அலுமினியத் தகட்டில் கூரையும் பக்கச் சுவரும் பின்கதவும் செய்து அந்தத் தட்டின்மேல் கவிழ்த்துப் பூட்டினால் அதுதான் கூடு. பார்க்கச் சின்ன வேலை. கூட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் ஓடுகிற றப்பர் பட்டி ஓர் இடத்தில் சுருங்கிவிட்டாலும் வாடிக்கையாளரின் சாமான் எல்லாம் நனைந்து போகும்.

தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியில், பலேர்மோத் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்த பிப்போ என்பவரின் பட்டறையில் சேர்ந்தேன். நான் மன்னார்க்காரன், பெயர் அந்தோனிப்பிள்ளை. பிப்போவின் வாயில் முதல் நாளே அந்தோனியோ ஆகிவிட்டேன். மனைவி விமலாவும் மகளும் நீர்கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதென்றால் எனக்கு நிரந்தர வேலை ஒப்பந்தம் வேண்டும். அது இல்லாமல் குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் கந்தோரில், என் விண்ணப்பத்தைத் தொட்டும் பார்க்கமாட்டார்கள்.

பிப்போ ஒளிவுமறைவு இல்லாத மனிதர். இப்போது கோடை, ஒரு துளி மழை இல்லை, எவனும் கூடு போடலாம் என்றார். மழைக்காலம் தொடங்கிய பிறகும் நான் போட்ட கூடு ஒன்றும் ஒழுகித் திரும்பி வராவிட்டால் ஒப்பந்தம். ஒன்று வந்தாலும் கை குலுக்கிப் பிரிந்துவிடலாம். நானும் தலையை ஆட்டினேன், வேறு என்ன செய்ய?

பிப்போவும் வாடிக்கையாளர்களும் பேசியது சிசிலி மொழிதான். என் காதுக்குள் அது எங்கள் தமிழாகத்தான் இறங்கியது. அப்படியே தருகிறேன்.

நீலச் சட்டை

பிப்போவின் பட்டறையில் ஒரு வழக்கம். கூடு போட்டு முடித்தவன் வெளிர்நீலச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் குந்தியிருக்க வேண்டும். பின்கதவைச் சாத்திவிட்டுப் பிப்போ ஹோஸ் பைப்பால் கூரை, மூலை, பொருத்து என்று ஓர் இடம் விடாமல் தண்ணீர் அடிப்பார். வெளிர்நீலத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் கரும்புள்ளியாகத் தெரியும். சட்டையில் புள்ளி இருந்தால் கூட்டைக் கழற்றித் திரும்பப் போட வேண்டும்.

இது எதுவும் எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் கூடு முடிந்ததும் "உள்ளே போ, தண்ணீர் அடிக்கப் போகிறேன்" என்றார் பிப்போ. நான் புத்திசாலித்தனமாக மூலையில் கிடந்த குடையை எடுத்துக்கொண்டு ஏறினேன். தண்ணீர் இடி மாதிரி விழுந்தது. நான் இருட்டில் குடையை விரித்துக்கொண்டு, இந்த நாட்டில் வேலை என்றால் இப்படித்தான் போல என்று இருந்தேன். கதவைத் திறந்த பிப்போ என்னையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. குடையை வாங்கித் தடவிப் பார்த்தார், அதிலும் ஈரம் இல்லை.

"நீ குடை பிடிக்கிறதெண்டால் என்ரை கூட்டுக்கு இஞ்சை என்ன வேலை?"

மந்தரீன் தோட்டக்காரரின் வயிறு

சியாகுல்லியில் மந்தரீன் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் வந்தார். நல்ல பருத்த உடம்பு, நல்ல பருத்த குரல். கூட்டுக்குப் பின்கதவு ஒன்று போதும், பக்கக் கதவு வேண்டாம், கதவு கூடினால் கள்ளனுக்கு வழி கூடும் என்றார். நியாயமான பேச்சு. ஆனால் மந்தரீன் பெட்டிகள் தட்டின் உள்முனைவரைக்கும் அடுக்கப்படும். உள்முனையில் இருப்பதை எப்படி எடுப்பது என்று கேட்டேன். தவழ்ந்து போய் எடுப்பது, இது ஒரு கேள்வியா என்றார்.

சரி என்று, காட்சிக்கு வைத்திருந்த கூட்டின் உள்ளே ஒரு வெறும் பெட்டியை உள்முனைவரைக்கும் தள்ளி, எடுத்துக் காட்டுங்கள் ஐயா என்று பணிவாகக் கேட்டேன். மனிதர் ரோசக்காரர், உடனே ஏறிவிட்டார். போவது சுலபமாக இருந்தது. பெட்டியை அணைத்துக்கொண்டு பின்னுக்கு வருவதுதான் நடக்கவில்லை. நானும் பிப்போவும் ஆளுக்கொரு சப்பாத்தைப் பிடித்து இழுத்தோம். வெளியே வந்து நெற்றியைத் துடைத்தவர், பக்கங்களில் மேலே தூக்கித் திறக்கிற கதவு, அதற்கு நல்ல பூட்டு, எல்லாவற்றையும் தானே தேர்ந்தெடுத்தார். போகும்போது என் தோளில் கை போட்டுத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"கதவை ரண்டு பக்கமும் போடு. நான் உள்ளுக்கை போன கதையைத் தோட்டத்திலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

மீனுக்கு விரித்த கம்பளம்

ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவனுக்குக் காட்சிக் கூட்டின் உட்புறத்தில் ஒட்டியிருந்த சாம்பல் கம்பளத்தைப் பார்த்ததும் காதல் வந்துவிட்டது. மீன் வண்டிக்குக் கம்பளமா என்று எனக்கு நெஞ்சு பதறியது. நான் பிறந்து வளர்ந்தது மீன்வாடிக்குப் பக்கத்தில். வெறும் தகடும், தண்ணீர் வடிய ஓட்டையும், உப்பில் துருப்பிடிக்காத திருகாணியும் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். மனிதர் கம்பளத்தைப் பூனைக்குட்டி மாதிரித் தடவிக்கொண்டே இருந்தார். பிப்போ கண்ணைக் காட்டினார். வாங்குகிறவர் கேட்டால் போடு என்று அர்த்தம்.

போடத்தான் போனேன். ஆனால் அதற்கு முன் வெட்டிய கம்பளத்தில் ஒரு துண்டை அந்த அம்மாவிடம் கொடுத்து, இதில் உங்கள் கடை மத்தி மீனைச் சுற்றி ஒரு வெயில் நாள் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினேன். மறுநாள் பொழுது ஏறுமுன் வாசலில் வந்து நின்றார். துண்டை ஒரு தடியின் நுனியில் தூக்கிப் பிடித்திருந்தார். கணவன் பின்னால், கொஞ்சம் தள்ளி நின்றார்.

"வெறுந்தகடு போடுங்கோ தம்பி. கம்பளம் வேணுமெண்டால் இவரே அதுக்குள்ளை படுக்கட்டும்."

எலுமிச்சம்பழம்

பலேர்மோவில் இருந்த எங்கள் தமிழாட்களில் முதன்முதல் பிக்கப் வாங்கியவர் யோகன் அண்ணை. யாழ்ப்பாணத்தார், சைவம். வீடு வீடாக அரிசியும் மரக்கறியும் கொண்டுபோய்க் கொடுக்கிற வியாபாரம் தொடங்கப் போகிறார். கூடு தேர்ந்தெடுக்க வந்தபோது அவர் ஒரு நிபந்தனை வைத்தார். செப்டெம்பர் தொடக்கத்தில் வருகிற மாதா பெருநாளுக்குச் சுருவத்தை, அதாவது மாதா சிலையை, தன் வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும், அதற்கேற்ற உயரம் வேண்டும். மன்னார் மடுக்கோயில் மாதா எல்லாருக்கும் தாய், இதில் கிறிஸ்தவம் என்ன சைவம் என்ன என்றார். அன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் போய்ச் சுருவத்தை அளந்து வந்து, ஓட்டுநர் கபினைவிட உயர்ந்த கூடாகப் பார்த்துச் செய்தேன்.

வண்டி வெளிக்கிடும் நாள் யோகன் அண்ணை ஒவ்வொரு சில்லுக்குக் கீழும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். பிப்போ பதறி ஓடி வந்து எடுக்கக் குனிந்தார், பழம் தவறி உருண்டுவிட்டது என்று நினைத்துவிட்டார். நான் பிடித்து நிறுத்தி, கண்ணூறு, கண்திருஷ்டி, கழிய என்று விளக்கினேன். கண்ணூறு என்றால் சிசிலிக்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றார். வண்டி பழங்களை நசுக்கிக்கொண்டு உருண்டதும் என் காதில் மெல்லக் கேட்டார்.

"நாலு சில்லுக்கும் சரி, கூட்டுக்கு ஒண்டு வைக்கத் தேவையில்லையோ?"

மாதாவின் கிரீடம்

பெருநாளுக்கு முந்தைய நாள் காலையில் வெள்ளோட்டம். மாதாவைத் தூக்கி வண்டியில் ஏற்றப் போனபோது, கோயில் மூப்பர் தகரப் பெட்டியைத் திறந்து கிரீடத்தை எடுத்து மாதாவின் தலையில் வைத்தார். கிரீடம் பெருநாளுக்கு மட்டும்தான் வெளியே வரும். நான் அளந்தது சாதாரண நாளில். கிரீடத்தோடு மாதா கூட்டைவிட ஒரு சாண் உயரம்.

மாதாவைப் படுக்க வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அவரை எல்லாரும் பார்த்த பார்வையில் அவரே பின்னால் போய் நின்றுகொண்டார். கிரீடத்தைக் கழற்றலாம் என்ற பேச்சை ஆரம்பிக்கவே யாருக்கும் துணிவில்லை. ஒரே வழிதான் இருந்தது. கூரையில் துவாரம் வெட்டி, மேலே திறந்து மூடுகிற தட்டி போட வேண்டும். மழைக்காலம் வாசலில் நிற்கிறது. ஒழுகாத கூரையில் நானே ஓட்டை போட வேண்டும். பட்டறையில் தகடு வெட்டும் வாளைக் கையில் எடுத்தபோது விமலாவின் முகம்தான் முன்னால் வந்தது. பிப்போ பக்கத்தில் வந்து நின்று, இதுவும் என் கணக்கில்தான் வரும் என்று ஞாபகப்படுத்தினார். வெட்டினேன். விளிம்பைச் சுற்றி இரட்டை றப்பர் பட்டி ஒட்டினேன்.

மறுநாள் பலேர்மோத் தெருக்களில் மாதா நின்றபடி போனா. அலுமினியக் கூரைக்கு மேலே கிரீடம் மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டு போனது. பின்னால் எங்கள் சனம் பாடிக்கொண்டு போனது. அவ்வளவு பெருமையாக நான் அந்த ஊரில் ஒருநாளும் நடந்ததில்லை. மாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு சிசிலி அம்மா சிலுவை போட்டுவிட்டுப் பக்கத்து மாடிக்குக் குரல் கொடுத்தா.

"பார், அவைக்கு மாதாவை மூடிக் கொண்டுபோக மனம் வரேல்லை, கூரையையே திறந்து விட்டிருக்கினம்."

திரும்பி வந்த கூடு

முதல் பெருமழை ஒரு சனிக்கிழமை காலையில் கொட்டியது. மழை விட்டதும் விட்டது, யோகன் அண்ணையின் பிக்கப் பட்டறை வாசலில் வந்து நின்றது. அவர் முகம் பேயறைந்த மாதிரி. பின்கதவைத் திறந்தால் உள்ளே தண்ணீர் ஓடிக் கிடந்தது, முன்னால் இருந்த அரிசி மூட்டை அடியில் நனைந்து போயிருந்தது. என் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்தேன். அந்த ஓட்டையாலேயே விமலா, மகள், பலேர்மோ எல்லாம் வடிந்து போய்விட்டது.

பிப்போ அன்று தங்கை மகளின் கல்யாணத்துக்குப் போகக் கறுத்தக் கோட் சூட் போட்டு நின்றார். பட்டறையில் கூடு பார்க்க வந்த வேறு இரண்டு பேரும் நின்றார்கள். அவர்களில் ஒருவர் கூரையைக் காட்டி, தமிழன் வெட்டிய ஓட்டை இதுதானா என்று சிரித்தார். நான் நீலச் சட்டையை எடுக்கப் போனேன். பிப்போ கையை நீட்டி மறித்தார். துணியால் தட்டைத் துடைத்தார், ஹோஸ் பைப்பை என் கையில் தந்தார், அந்தச் சூட்டோடு தவழ்ந்து மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டு கதவைச் சாத்தச் சொன்னார்.

நான் அடித்தேன். தட்டியில் அடித்தேன், விளிம்பில் அடித்தேன், மூலையில் அடித்தேன். ஆத்திரமும் பயமும் சேர்ந்து அடித்தது அந்தத் தண்ணீர். இனி அடிக்க இடமில்லை என்று ஆனபிறகு கதவைத் திறந்தேன். பிப்போ வெளியே வந்தார். கறுத்தக் கோட்டில் தூசி இருந்தது, ஈரம் இல்லை. கையில் ஒரு பித்தளைக் குடம், விரலில் ஒட்டியபடி இரண்டு ஆரஞ்சுத் தோடை இலை, கக்கத்தில் ஒரு தேங்காய்.

யோகன் அண்ணை தலையில் கை வைத்தார். மாதா ஏறிய வண்டி, அதன் பிறகு வியாபாரத்துக்குப் போகிற முதல் நாள் என்று, அவர் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் அவர் மனைவி மூட்டைகளுக்குப் பின்னால் நிறைகுடம் வைத்திருக்கிறா. மாவிலை கிடைக்காமல் தோடை இலை சொருகியிருக்கிறா. பலேர்மோ ரோட்டில் முதல் குழியிலேயே குடம் சரிந்துவிட்டது. நான் தண்ணீரைப் பூட்டி, பைப்பைச் சுருட்டி வைத்தேன். சிரித்த ஆளுக்கு முன்னால் பிப்போ கோட்டின் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பிறகு குடத்தை யோகன் அண்ணையிடம் பக்குவமாகக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உன்ரை கூடு ஒழுகேல்லை அந்தோனியோ, உங்கட ஆக்கள்தான் ஒழுகுகினம். திங்கட்கிழமை வா, ஒப்பந்தத்திலை கையெழுத்து வைப்பம்."

அடுத்த வசந்தத்தில் விமலாவும் மகளும் வந்திறங்கினார்கள். பலேர்மோவில் ஒரு கூட்டையும் ஒழுகவிடாத என்னிடம் விமலா முதல் நாளே குசினிக்குள் நின்று கேட்டது, இந்த வீட்டுக் கூரை ஏன் இப்படி ஒழுகுகிறது என்றுதான்.