நீல மூடி டியூப்

நம்பினால் நம்புங்கள், இது என் அண்ணிக்கு நடந்தது. அண்ணி கதை விடுகிற ஆள் இல்லை. சொட்டுச் சொட்டாக அளந்தே பழகி, பேச்சிலும் ஒரு சொட்டு கூட்டிச் சொல்லத் தெரியாமல் போனவர்.

அண்ணி தாவர விஞ்ஞானி. உப்புத் தண்ணீரில் வளரும் ஒரு களைச்செடியின் மரபணுவை வெட்டியெடுத்து, பிளாஸ்மிட் என்கிற டி.என்.ஏ. வளையத்தில் ஒட்டவைக்க வேண்டும். வெட்ட ஒரு நொதி, ஒட்ட ஒரு நொதி. அந்த வளையம்தான் மரபணுவைப் பயிருக்குள் சுமந்துபோகும் வண்டி. கேட்பதற்கு எளிது. இருபத்திரண்டு முறை செய்தும் ஒட்டவில்லை. மாதக் கடைசியோடு திட்டம் முடிகிறது. ஒட்டாவிட்டால் வேலையும் போய்விடும். அண்ணனோ சரக்குக் கப்பலில். வாரம் ஒருமுறை சிக்னல் கிடைத்தால் பேச்சு. மற்றபடி அண்ணியிடம் ஒரு வார்த்தை பேச ஆளில்லை.

நான்கு நாள் தொடர் விடுமுறையின் முதல் நாள் அது. ஆய்வகக் கட்டடமே காலி. கீழே வாசலில் காவலாளி மட்டும்.

மதியம் 2.10. மங்கல் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம்.

டக்... டிக்.

சொட்டு அளக்கும் பிப்பெட்டை அழுத்தும் சத்தம். அதன் பிளாஸ்டிக் முனை கழன்று தொட்டியில் விழும் சத்தம். யாரோ தன்னைப் போலவே லீவிலும் வந்திருக்கிறார்கள் என்று அண்ணி நினைத்தார். பயமே இல்லையாம். "துணைக்கு ஆள் இருக்குன்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சு தம்பி" என்றார் என்னிடம்.

2.25. அண்ணி பிப்பெட்டை அழுத்தினார். டக். அங்கேயும் டக்.

நிறுத்தினார். அங்கேயும் நின்றது.

மூன்று முறை அழுத்தினார். அங்கே... நான்கு.

தடுப்புக்குப் பின்னால் விளக்கே எரியவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்.

2.31.

"சாப்டீங்களா?"

பெண் குரல். களைத்த குரல். எத்தனையோ மாதமாக அண்ணியை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது.

"இன்னும் இல்லீங்க."

"ஃப்ரீசர்ல கீழ்த்தட்டு. நீல மூடி. எடுத்துக்குங்க..."

அண்ணி எழுந்து தடுப்பைச் சுற்றிப் போனார்.

யாரும் இல்லை.

முக்காலியில் விரல் கனத்துக்குத் தூசி.

தொட்டியில் பிளாஸ்டிக் முனைகள்.

ஈரமாக...

ஃப்ரீசரில் அந்த டியூப் இருந்தது. பனியைத் துடைத்தால் பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி. வெற்று வளையமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, உள்ளிருக்கும் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்லும் நிறுவனத்துக்கு அதில் கொஞ்சம் அனுப்பிவைத்தார்.

விடுமுறை முடிந்ததும் ஸ்டோர்காரர் டியூபில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். தடுப்புக்கு அந்தப் பக்க மேசையில் முன்பு வேலை செய்த அம்மாவுடையது என்றார். இதே மாதிரி ஒரு நீண்ட விடுமுறையில் தனியாக வேலைக்கு வந்து, அங்கேயே நெஞ்சுவலியில் போய்விட்டாராம். தேடி வர யாருமில்லை. நான்காம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். அவர் ஆராய்ந்தது வாழை நோயை. அண்ணியின் களைச்செடி பக்கமே போனதில்லை.

ஆறாம் நாள் முடிவு வந்தது. வளையம் வெறுமையாக இல்லை. அதற்குள் அண்ணியின் களைச்செடி மரபணு. கச்சிதமாக ஒட்டியிருந்தது.

அண்ணி அதை யாரிடமும் காட்டவில்லை. மாதக் கடைசியில் வேலை போனது. காட்டியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று கேட்டேன்.

"களைச்செடியில இருக்குற மாதிரியே இருந்திருந்தா காட்டியிருப்பேன் தம்பி. அதுல ஒரு எழுத்து மாறியிருந்துச்சு."

அந்த எழுத்தை அப்படி மாற்றியது அண்ணிதான். தன் கணினி வரைவில் மட்டும், யாரிடமும் சொல்லாமல். டியூபை எடுப்பதற்கு ஒன்பது நாள் முன்பு.